அண்ணன் திறந்து வைத்த இணைப்பு

கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த கோப்பை, கழுவாமலும் மேஜைமேல் இருந்தது. விளிம்பு லேசாக உடைந்த கோப்பை வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். அங்கே அது நீர் சொட்டிக்கொண்டு கவிழ்ந்திருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தாள். இங்கே அடியில் காப்பி காய்ந்துபோய், விளிம்பை ஓர் எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தக் கப்பை யாருங்க இங்க வச்சது?"

"எந்தக் கப்பு?" என்றபடி கணவர் தான் வாசித்த செய்தித்தாளை மடித்து மேஜைமேல் போட்டார். அது கோப்பையின் மேலேயே விழுந்தது. விழுந்து, ஒரு மேடும் இல்லாமல் சப்பையாகப் படிந்து கிடந்தது.

அண்ணன் செத்ததிலிருந்து கணவர் அவளைப் பார்க்கும் பார்வையில் இரக்கம் கூடிப்போயிருந்தது. அதற்குத் தீனி போட அவளுக்கு மனமில்லை. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். செய்திமடல் போகவேண்டிய நாள் அது.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு தரவுத்தளம். அதை எழுதிப் பராமரிக்கும் ஆர்வலர்களுக்கு வாராவாரம் போகும் மடல் அது. எந்தப் பதிப்பு வந்தது, எந்த ஓட்டை அடைபட்டது, எங்கே கூட்டம் என்ற செய்திகள். கடைசியில் ஒரு குறிப்பு. பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் அந்தத் தரவுத்தளத்தின் மேல்தான் ஓடின. குறை சொல்ல எல்லோருக்கும் நேரமிருந்தது, நன்றி சொல்லத்தான் ஒருவருக்கும் இல்லை.

அதில் சேரும் பழைய தரவுக் குப்பையைக் கூட்டிப் பெருக்கும் பகுதியை எழுதியவன் அண்ணன். அதனால் உலகம் பூராவும் அவனுக்குத் துடைப்பம் என்று பெயர். வீட்டிலும் அவன் அப்படித்தான். பெருக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்கமாட்டான். நாற்காலியில் படித்துக்கொண்டிருக்கும் தங்கையிடம் "காலைத் தூக்கு" என்பான், தூக்காவிட்டால் காலையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போவான்.

மாடியறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் போனது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அவன் மின்னஞ்சல் பெட்டியில் கடிதங்கள் குவிந்திருந்தன. ஏன் பதில் இல்லை, எப்போது சரியாகும், இவ்வளவு பொறுப்பில்லாமல் இருப்பதா என்று. செத்தவனைத் திட்டிய அந்தக் கடைசிக் கடிதத்தை அவள் மறக்கவே இல்லை. மன்னிக்கவும் இல்லை.

அந்த ஆர்வலர் சமூகத்தின் உறுப்பினர் பதிவேடு அதே அறையில் ஒரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் பெயரை எடுத்துவிடும்படி நாசூக்காகச் சொல்லியனுப்பினார்கள். அவளேதான் எடுத்தாள். ஆனால் சாவதற்கு முன் அண்ணன் திறந்து வைத்த ஓர் இணைப்பு மட்டும் அவன் திரையில் மூடப்படாமல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் அவன் அதைத் திறந்த நிமிடத்தில் இருந்தபடியே தெரியும். அவள் கேட்டாள்: துடைப்பம்? திரை சொன்னது: இருக்கிறார்.

அதற்காகத்தான் தினமும் சாயங்காலம் மாடியேறினாள். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் இணைப்பு அறுந்துபோகும் என்பதால், அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரே ஒரு பொய், தன் வீட்டு மாடியில், யாருக்கும் தொந்தரவில்லாமல். அது கூடாதா?

கைபேசி அடித்தது. சமூகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பையன்.

"அக்கா, நம்ம பதிவேட்டு டிஸ்க் நிரம்பி வழியுது. குப்பையே போகமாட்டேங்குது. யாரோ பழைய கனெக்ஷன் ஒண்ணைத் திறந்து வச்சிருக்காங்க போல."

"பாக்கறேன்பா."

"இன்னைக்கே மூடிடுங்கக்கா. இல்லன்னா மொத்தமாப் படுத்துரும். நம்ம துடைப்பம் சார் இருந்திருந்தா கொன்னேபோட்டிருப்பாரு."

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். வேறு குறிப்பு எதுவும் கைவசம் இல்லாததால் அவள் அதையே இந்த வாரக் குறிப்பாக எழுதத் தொடங்கினாள். 'நம் தரவுத்தளம் எதையும் உடனே அழிப்பதில்லை. ஒரு வரியை மாற்றினால், பழைய வரியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதும். பழையது செத்த வரி. பெருக்குபவன் பின்னால் வந்து அதை அள்ளிக்கொண்டு போவான். ஆனால் எங்கோ ஒருவர் பழைய இணைப்பை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் பார்வைக்கு வேண்டியிருக்குமே என்று அவன் எதையும் தொடமாட்டான். செத்தவை செத்த இடத்திலேயே நிற்கும்.'

எழுதிய கை நின்றது. செய்தித்தாளுக்கு அடியிலிருந்து எறும்பு வெளியே வந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன: கதவிடுக்கில் நசுங்கிச் செத்த பல்லியைக் கூட்டித் தள்ளிய பிறகும் அது அங்கேயே வாலற்றுக் கிடந்தது, படுக்கை விரிப்பை மாற்றிய பிறகும் பழைய விரிப்பின் வியர்வை வாடை தலையணைக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டே இருந்தது, இரண்டு மூன்று சாயங்காலங்களாக அவள் மாடியிலிருந்து இறங்கும்போது, பின்னாலேயே மாடியறையில் யாரோ கால் மாற்றி நிற்பதுபோல மரப்பலகை முனகியது. ஒரே ஒருவர் கால் மாற்றிய சத்தமாகவும் அது இல்லை.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் கணவர்.

"மேல அண்ணன் மிஷினை நிறுத்திட்டு வந்துடறேங்க."

"நல்ல காரியம். நான் சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்கல."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. படிக்கட்டில்தான் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஏறும்போது அண்ணனின் தலை எண்ணெய் வாசனை, சூடேறிய கணினியின் தூசி வாசனை, இரண்டுக்கும் அடியில் பூட்டிய அறையில் பலபேர் வெகுநேரம் மூச்சு விட்டால் தேங்கும் அந்தப் புழுக்கம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முகத்தில் படிந்தன. கதவைத் தள்ளினாள். சற்றே பிடித்துக்கொண்டு, பிறகு திறந்தது.

அறை நிறைய ஆட்கள் நின்றார்கள்.

எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றார்கள். நேற்று அவள் உடுத்தியிருந்த நீலம். முந்தாநாள் பழுப்பு. அதற்கும் முன்னால், அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று உடுத்தியிருந்த வெள்ளை. எல்லாம் அவள். அவர்களுக்கு நடுவே நாற்காலி. அதில் கழுத்து சாய்ந்தபடி, அன்று கண்டுபிடித்த அதே கோலத்தில் அண்ணன்.

மூடிவிடு, ஒரே ஒரு சொல் அடித்தால் போதும், மூடிவிடு என்று மனம் சொன்னது. கூட்டத்துக்குள் நுழைந்து விசைப்பலகையை எட்டினாள். மூடினால் அண்ணன் எங்குமே இருக்கமாட்டான். விரல் தானாகவே பழைய கேள்வியை அடித்தது.

இருக்கிறார்.

அழுகை வந்தது. நாளைக்கு மூடிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். கால் நகரவில்லை.

படிகளில் யாரோ இறங்கிப்போனார்கள். அவளுடைய நடைதான்.

"மூடிட்டியா?" கீழே கணவரின் குரல்.

"இல்லைங்க. மனசு வரல." கீழே அவளுடைய குரல்.

"இந்தா, தண்ணி குடி. நானும் கூட வரவா?"

"வேண்டாங்க. நானே போய் முடிச்சுடறேன்."

மூடவேண்டாம் என்று மேலே நின்றவள் சொல்லப்பார்த்தாள். உதடுகூட அசையவில்லை. அவளைச் சுற்றி நின்றவர்களின் மூச்சு கேட்டது. எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் போலும்.

படிகளில் காலடி. இந்த முறை தயக்கமே இல்லை. கதவு திறந்தது. உள்ளே வந்தவள் வாசலில் நின்று எல்லோரையும் பார்த்தாள். பார்க்கத்தான் பார்த்தாள். கடைசியாக இவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆட்களை விலக்கும் சிரமம்கூட இல்லாமல் ஊடே நடந்துபோய், அந்த ஒரு சொல்லை அடித்தாள்.

திரை அணைந்தது. வந்தவள் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அரையிருட்டு. அமைதி.

நாற்காலி கிறீச்சிட்டது. அதிலிருந்து யாரோ எழுந்தார்கள்.

சரக். சரக்.

மூலையில், வெள்ளை உடுத்தியவளின் மூச்சு நின்றது. சரக். பழுப்பு. சரக். பக்கத்திலேயே நீலம். எண்ணெய் வாசனை நெருங்கியது. குனிந்த தலை, அவளுக்குப் பழக்கமான வழுக்கை, நிமிராத முகம். அண்ணா என்று கூப்பிட நினைத்தாள்.

துடைப்பம் அவள் கால்விரல்களில் இடித்து நின்றது.

"காலைத் தூக்கு."