ஒருவர் மட்டும்

பூட்டிக்கிடந்த பக்கத்து அறையில், கம்ப்யூட்டரோடு இணைத்த தட்டச்சுப்பொறியான டெலிடைப் ஒருமுறை 'டக்' என்றது.

கந்தப்பன் திரும்பவில்லை. எலியாக இருக்கும், இந்த ஊர்க்காரர்களைவிட எலிகளுக்குச் சுறுசுறுப்பு அதிகம். வாளையார்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பம்பாயிலிருந்து வந்த இன்ஜினியர் அவன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் கூட்டத்தோடு காலம் தள்ளுவதே தண்டனை என்று நினைப்பவன். எழுபத்தொன்பதாம் வருட ஆயுதபூஜை சாயங்காலம். சாம்பிராணிப் புகையும் வாடிய செவ்வந்தியின் வாசமும் ஏசிக் குளிரில் கலந்து தொண்டையை அடைத்தன.

"ஏனுங்க சார், பூசைக்கு வெச்சதுங்க," என்றாள் அறை கூட்டும் மருதாத்தாள், வாசலில் நின்றபடி. "நாளைக்குக் காலைல எடுத்ததுக்கப்புறம் தொடுங்க. பொங்கியண்ணன் இருந்தா உட்டிருக்க மாட்டாருங்க."

"தொட்டா மெஷின் கோவிச்சுக்குமா? அந்தத் தற்குறி பேச்சை எடுக்காதே. போ."

பொங்கியண்ணன் இங்கே ஆபரேட்டராக இருந்தவன். "இந்த மெஷினுக்கு ஒருத்தன் போதும்" என்று ஆவணியில் அவனை விரட்டியது கந்தப்பன்தான். அந்த வாரமே அவனைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். சாவுக்குக்கூட இவன் போகவில்லை.

காலையில் மேலதிகாரிகள் வருவதற்குள் மெஷினின் பழுதான டிஸ்க்கைச் சரிசெய்யாவிட்டால் இவன் வேலைக்கே ஆபத்து. மெஷினை இயக்கும் யூனிக்ஸ் எழும்போது முன்பலகைச் சுவிட்சுகளைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் திறப்பதா, ஒருவருக்கு மட்டுமா என்று தீர்மானிக்கும். ஒருவருக்கு மட்டும் என்றால் இந்த அறை டெலிடைப்தான் பேசும், மற்றவை ஊமை. கந்தப்பன் சந்தனத்தை வழித்தெறிந்து, சுவிட்சுகளை 'ஒருவர்' நிலைக்கு மாற்றிக் கிளப்பினான்.

பக்கத்து அறையில் தட்டும் சத்தம் தொடங்கியது. நிதானமாக. பழகிய கை.

எழுந்து சுவிட்சுகளைப் பார்த்தான். சரியாக இருந்தன. மறுபடி பார்த்தான். சரிதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டெலிடைப்பில் தட்டி மெஷினையே கேட்டான்.

தாளில் ஒரே வரி. பொங்கியண்ணன்.

கந்தப்பன் பெயர் இல்லை.

மெஷினின் ஒயரைப் பிடுங்கினான். காற்றாடிகள் நின்றன. தட்டும் சத்தம் நிற்கவில்லை. கிணற்றுப் பாசி வாசனை வந்தது.

மருதாத்தாள் கதவைத் திறந்தாள். "மருதாத்தா!" என்று கத்தினான். அவள் அவனுக்கு நேராகப் பார்த்தாள். அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு, பெரிய மனுசன்," என்று உதட்டைப் பிதுக்கினாள்.

விளக்கை அணைத்தாள். வெளியே பூட்டினாள்.

பக்கத்து அறையில் தட்டுவது நின்றது.

கந்தப்பன் இருட்டில் நின்றுகொண்டிருந்தான். எதிரே அவன் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். தரையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.