இங்க பதினாலு காட்டுது

மாலை நாலரை மணிக்கு அவள் ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேசி முடித்தாள்.

"ஏங்க, ஜன்னல் திரையை நானே விலக்கிட்டேன், வெளியில எங்க பார்த்தாலும் உப்பு மாதிரி வெள்ளையா கிடக்கு, வெயில்கூட மங்கிடுச்சு பாருங்க."

டாஷ்போர்டில் ஒட்டியிருந்த இன்டர்காம் பெட்டியிலிருந்து வந்த குரலுக்கு, ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் "உப்பு மாதிரி இல்லம்மா, உப்புதான்" என்று பதில் சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தார். அரை கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் ஏதோ உறுத்தியது. எட்டு மாதமாக மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறவள் அவள். "ஏங்க" என்று கூப்பிட்டால் அடுத்த வார்த்தை வரும்வரை காத்திருக்க அவர் பழகியிருந்தார். இப்போது காத்திருக்க வேண்டியே இருக்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டார்கூட.

ஜீப்பின் கொக்கியில் மாட்டிய டிரெய்லர் வீடு பின்னால் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டில், ஒரு மடக்கு மேசை, கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி. வேலையை மூட்டை கட்டிவிட்டு ஊர் சுற்றுவதற்கென்று வாங்கியது. சுற்றியதைவிட வாசலில் நின்றதுதான் அதிகம். அவள் அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அவள் அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குழாய்க்கு அனுப்பும் மெஷின். மெஷின் பேட்டரியில் ஓடும். ஜீப் ஓட ஓட, அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு வயர் பின்னால் போய் அந்த பேட்டரியை நிரப்பும்.

"ஆக, நான் ஓட்டுற வரைக்கும் நீ மூச்சு விடுவே" என்று விடியற்காலையில் கிளம்பும்போது சொன்னார்.

"அப்போ தூங்கிடாதீங்க" என்றாள் அவள், இரண்டு தவணையில்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அவளும் சொன்னாள். அவளைவிட அதிகமாக அவர்தான் சொன்னார். முப்பது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர், தெருவில் அவர் பெயரே வயர்காரர். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. அதெல்லாம் மற்றவர்கள் வேலை பார்த்த டிரெய்லருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்கு யாராவது டிரெய்லர் கொண்டுவந்தால் சுண்டுவிரல் தடிமனுக்குக் கேபிள் போடுவார். "தூரம் கூடக் கூட வயர் தடியா இருக்கணும் சார்" என்று வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஒல்லிக் குழாயில் நாலாவது மாடிக்கு ஏறுவதற்குள் அது சொட்டாகிவிடும் இல்லையா, கரண்டும் அப்படித்தான். பேட்டரி நிரம்ப வேண்டுமானால் அதன் வாயில் பதினாலு வோல்ட் வந்து சேர வேண்டும். பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் ஒரு வண்டியையும் அவர் வெளியே விட்டதில்லை. சொந்த வண்டிக்கு மட்டும், கிடைத்த இரண்டு நாள் அவசரத்தில், கடை மூலையில் மீந்து கிடந்த ஒல்லி வயர்ச்சுருளை எடுத்து இழுத்தார்.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "வயர் ரொம்ப... ஒல்லியா இருக்கே?"

"வயர்தான் ஒல்லி, வேலை கெட்டி."

வேலை முடிந்தபோது அவள் பேட்டரிக்கு மேலே இருந்த கட்டிலில் தூங்கிவிட்டிருந்தாள். அங்கே அளக்க வேண்டுமானால் அவளை எழுப்ப வேண்டும். இருமி இருமி அப்போதுதான் கண் அசந்திருந்தாள். மனசு வரவில்லை. ஜீப்பின் டாஷ்போர்டிலேயே ஒரு மீட்டரைப் பொருத்தி எஞ்சினைப் போட்டார். முள் பதினாலில் போய் நின்றது, வயரின் ஜீப் பக்கத்து முனையில். போதும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

இன்று ஒரு மணிக்கு டீசல் போட நிறுத்தியபோது படியேறி எட்டிப் பார்த்தார். அவள் உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. திரையின் நிழலாக இருக்கும் என்று நினைத்து, கண் கூசக் கூடாதென்று திரையை இன்னும் இறுக்கி இழுத்து, இரண்டு துணிக் கிளிப் போட்டுவிட்டு வந்தார். இரண்டரை மணிக்கு அவள் கூப்பிட்டாள். மெஷினின் உறுமலுக்கு மேலே கீச்சுக்கீச்சென்று ஒரு சத்தம்.

"ஏங்க... மெஷின் கத்துது... சிவப்பு விளக்கு... எரியுது."

மீட்டரைப் பார்த்தார். "இங்க பதினாலு காட்டுதும்மா. ஒண்ணும் இல்ல. இந்த மெஷினுங்க சும்மாவே கத்தும். பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும் பாரு, அமுக்கு. சத்தம் நின்னுடும்."

"நிறுத்தி... பார்க்கறீங்களா?"

"நிறுத்தினா சார்ஜ் ஏறாதும்மா. ஓடிட்டே இருக்கறதுதான் நல்லது."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கீச்சு நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவள் கூப்பிடவில்லை. தூங்குகிறாளாக்கும் என்று அவரும் கூப்பிடவில்லை. இப்போதுதான் கூப்பிட்டாள், திரையை விலக்கிவிட்டதாக, ஒரே மூச்சில்.

சாலை இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளுக்கு நடுவே நேராக ஓடியது. எதிரில் ஒரு வண்டி வரவில்லை. வெயில் சாயச் சாய வெள்ளை சாம்பலாகிக்கொண்டு வந்தது. காற்றில் கடலின் வாடையும், அதற்கு அடியில் கருகிய ரப்பரின் வாடை போல ஒன்றும் வந்தன. கண்ணாடியை ஏற்றினார். வாடை போகவில்லை.

"ஏங்க, நெஞ்சு மேல இருந்த பாரத்தை யாரோ தூக்கி ஓரமா வச்ச மாதிரி இருக்கு" என்றாள் அவள். "ஒல்லி வயர்னு உங்களைக் கிண்டல் பண்ணினேனே, தப்புங்க. எல்லாம் நல்லாவே வந்து சேருது."

அவள் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் கேட்கும் ஒன்று கேட்கவில்லை. எட்டு மாதமாக வீட்டில் இரவும் பகலும் கேட்டுக் கேட்டுக் காதுக்குள் குடியிருந்த மெஷினின் உறுமல். அது இல்லை. அவள் குரலைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

"மெஷின் ஓடுதாம்மா?"

"அது எதுக்குங்க இப்போ?"

கணக்குப் போட்டுப் பார்த்தார். பேட்டரி செத்திருந்தால் மெஷின் நின்றிருக்கும். ஆனால் அவள் பக்கத்து இன்டர்காமும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. அவள் பேசுகிறாள். ஆகவே பேட்டரி சாகவில்லை. ஆகவே மெஷின் ஓடுகிறது. தன்னுடைய மூளையைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு இன்டர்காம் பெட்டியைப் பார்த்தார். அதன் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. மறுமுனையில் கரண்ட் இருந்தால்தான் எரியும்.

அது எரியவில்லை.

"என்னங்க, பேச்சைக் காணோம்?" என்று கேட்டாள் அவள்.

மீட்டரைப் பார்த்தார். பதினாலு. சோதித்துப் பார்க்க முன்விளக்கைப் போட்டார். விளக்கைப் போட்டால் எந்த வண்டியிலும் முள் ஒரு இழை இறங்கும். இறங்கவில்லை. வரைந்து வைத்த மாதிரி நின்றது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தால் போதும். வைக்க முடியவில்லை. கதவைத் திறக்காத வரைக்கும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், நன்றாக, சின்ன வயதில் பேசியதுபோல. திறந்தால் என்ன இருக்கும் என்பதை அவருடைய கைகள் அவருக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டன. அவை ஸ்டீயரிங்கை விடவில்லை.

ஒரு வளைவில் வேகம் தானாகக் குறைந்தது. நாற்பது. முப்பது.

"வே...கம்... கு...றைக்...கா...தீங்...க."

மூச்சு வாங்கவில்லை அது. குரலே இழுபட்டது. தடித்து, அடியில் எங்கோ இறங்கியது. பதறிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தார். அறுபது. எழுபது.

"ஆங், இப்படியே போங்க" என்றாள், தெளிவாக. "நிறுத்தாதீங்க."

பத்து நிமிஷம் அப்படியே போனார். எண்பதில். அழுதுகொண்டு. அவர் அழுகிறார் என்பது அவருக்கே சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு, இரண்டு மணி நேரம் முன்பு செய்திருக்க வேண்டியதைச் செய்தார்.

எஞ்சினை அணைக்கவில்லை. கைப்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினார். ஜீப்பின் கதவை மூடவில்லை. உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. டிரெய்லருக்கு ஓடும் வயரைக் குனிந்து தொட்டார். உறை உருகி வழிந்திருந்தது. நடுவில் அற்றுப்போய், முனை தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. ரொம்ப நேரத்துக்கு முன்பே ஆறியிருந்தது.

படி. கைப்பிடி. கதவு.

உள்ளே இருட்டு. திரை மூடியிருந்தது. அவர் போட்ட இரண்டு கிளிப்பும் அப்படியே.

மெஷினில் எண் காட்டும் கண்ணாடி அணைந்து கறுத்திருந்தது. அவள் மெஷின் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கை நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் இன்னும் அந்தப் பட்டன் மேலேயே இருந்தது, அவர் அமுக்கச் சொன்ன பட்டன் மேலே. நகம் நீலமாக இருந்தது.

அவள் கையைப் பிடித்தார். மடங்க மறுத்தது. தரையின் குளிர்ச்சி அதில் இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த இன்டர்காமின் சுவிட்சை ஏனோ தட்டிப் பார்த்தார். செத்துக் கிடந்தது. "நான் அளந்து பார்த்திருக்கணும்மா" என்றார். "உன்னை எழுப்பியிருக்கணும்."

அப்போது கேட்டது. வெளியே, திறந்து கிடந்த ஜீப்பின் கதவு வழியாக. டாஷ்போர்டிலிருந்து.

"ஏங்க, வண்டி ஏன் நின்னுடுச்சு? இங்க யாரோ உள்ள வந்திருக்காங்க."

அவர் அசையவில்லை.

"என் கையைப் பிடிச்சிட்டிருக்காங்க. சூடா இருக்குங்க. பயமா இருக்கு."

கையை விட்டார்.

"விட்டுட்டாங்க. ஆனா போகல. நின்னு பார்த்துட்டே இருக்காங்க. சீக்கிரம் வண்டியை எடுங்க."

ஜீப்பின் கதவு மூடிய சத்தம். நிதானமாக, இரண்டாவது தடவை இழுத்துச் சரியாக மூடும் சத்தம். அவர் எப்போதும் மூடுகிற மாதிரி.

"பயப்படாதேம்மா" என்றது ஒரு குரல். அவருடைய குரல். "இதோ எடுத்துட்டேன்."

டிரெய்லர் குலுங்கியது. அவர் கதவை நோக்கிப் பாய்வதற்குள் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. கைப்பிடி திரும்பவில்லை. முன்பக்கச் சின்ன ஜன்னலில் முகத்தை வைத்தார். ஜீப்பின் பின்கண்ணாடிக்கு அப்பால் ஓட்டுகிறவரின் ஒல்லித் தோள் தெரிந்தது. அவருடைய சட்டை. சட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

கத்தினார். சுவரில் அடித்தார். இன்டர்காமின் செத்த சுவிட்சை அமுக்கி அமுக்கிக் கத்தினார். உள்ளே காற்று போதவில்லை. மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது.

"நிறுத்து... நான் இங்க... உள்ள இருக்கேன்... மூச்சு முட்டுது..."

விளக்கு எரியாத அந்த இன்டர்காம் கரகரத்தது.

"இங்க பதினாலு காட்டுது" என்றது அவருடைய குரல், அன்பாக. "ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும் பாரு, அமுக்கு. சத்தம் நின்னுடும்."

கட்டிலில், அவளுடைய நீல விரல் மெதுவாக பட்டனை அமுக்கியது.

அவர் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள் அவள். வண்டி வேகம் எடுத்தது.