காற்றைத் தள்ளும் சத்தம்

கால்சட்டைத் துணி கெண்டைக்காலில் படபடத்தது. வெய்க்கா குனிந்து பார்த்தான். காற்று வர அந்த நிலவறையில் ஒரு பொட்டு ஓட்டை கிடையாது. கிட்டார் கம்பியை ஓங்கி அடித்தான். ஹெட்ஃபோனுக்குள் கனத்த உறுமல் எழுந்த அதே நொடியில் துணி மறுபடி படபடத்தது.

மூலையில் நண்பன் இல்போவின் ஆம்ப், பழைய கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி, போர்வை மூடிக் கிடந்தது. உள்ளே இருந்த வால்வு பல்பெல்லாம் எரிந்துபோய்க் கழற்றியாகிவிட்டது, பிளக்கும் பிடுங்கியாகிவிட்டது. சத்தம் வருவது லேப்டாப்பிலிருந்து மட்டும்தான்.

"காத்தைத் தள்ளாத சத்தமெல்லாம் ஒரு சத்தமாடா? பேன்ட்டு ஆடணும், அதுதான் ஆம்ப்பு. உன் சாஃப்ட்வேர் வெறும் கொசு!" உயிரோடு இருந்தவரை இல்போ இப்படித்தான் நக்கலடிப்பான். போன மார்ச்சில் நேசியார்வி ஏரியில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் தங்கை டூயிரெ அதற்கப்புறம் ஒரு வரி பாடவில்லை. தனக்குப் பின்னால் அண்ணனின் ஆம்ப் முழங்கினால்தான் பாடுவேன் என்று ஒரே பிடிவாதம். அந்தக் குரல் அப்படியே அடங்கிப்போய்விடுமோ என்று வெய்க்காவுக்குப் பயம். ஆம்ப் பழுதானதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. அதன் சத்தத்தை லேப்டாப்பில் பிடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

நல்லவேளை, அது எரிவதற்கு முன்பே மைக் வைத்து அதன் தொனியை சாஃப்ட்வேருக்குப் படிப்பித்திருந்தான். லேப்டாப் விதவிதமாய் ஓசை அனுப்பும். ஆம்ப் என்ன பதில் சொல்கிறதோ அதை அப்படியே கற்றுக்கொள்ளும். கதவைச் சாத்தி, ஆளில்லாத அறையில் செய்த வேலை. இல்போ போன பிறகு.

பதில் சொன்னது ஆம்ப் மட்டும்தானா?

கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினான். உறுமல் நின்றது. படபடப்பு நிற்கவில்லை. பாசி நாற்றம். ஹெட்ஃபோனுக்குள், டொக். டொக். பனிக்கட்டியை அடியிலிருந்து தட்டுகிற மாதிரி.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான். அழித்துவிட வேண்டும், இப்பவே.

"மணி மூணுதான் ஆகுது, அதுக்குள்ள இருட்டிடுச்சு பாரு." டூயிரெ பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டே காப்பி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? அண்ணன் சத்தம் கிடைச்சுதா?"

"கெட்டுப்போச்சு, டூயிரெ. கேக்காத. அழிக்கப் போறேன்."

"அழிப்பியா? கையை உடைப்பேன்!"

அவன் எட்டுவதற்குள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து அந்த உறுமல் தானாகவே கசிந்தது. முதலில் சிரித்தாள். கண் நிறைந்தது. "அவன்தான்டா. அவனேதான்!" மாதக்கணக்காகக் கேட்காத அந்தக் குரல் மெல்லப் பாடத் தொடங்கியது. வெய்க்காவுக்கு ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது.

பாட்டு பாதியில் நின்றது.

"நீ வாசிக்கலையே. தட்டுறது யாரு?"

அவள் கால்சட்டை படபடத்தது. கணுக்காலிலிருந்து ஈரம் ஏறியது. முழங்கால். இடுப்பு.

"கழட்டு!" ஹெட்ஃபோனைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினான். துணி படபடத்துக்கொண்டேதான் இருந்தது.

"அண்ணா, குளிருது," என்றாள் டூயிரெ, வெய்க்காவைப் பார்க்காமல்.

ஹெட்ஃபோனின் இரண்டு கறுப்பு மூடிகளின் மீதும் ஈரமான விரல் தடங்கள் அழுந்திக்கொண்டிருந்தன.