இரண்டு கொதி விட்ட தண்ணீர்

மூடியைத் திறந்ததும் மறுபடியும் அந்த வாசனை. முதல் மழைக்கு மண் கிளப்புகிற வாசனைதான், ஆனால் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரிலிருந்து அது ஏன் வரவேண்டும் என்பது ஷோபனாவுக்குப் பிடிபடவில்லை. நூம்பலில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம். லாரித் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டுகிறது என்று அசோசியேஷன் செயலாளர் சம்பந்தத்திடம் சொன்னபோது, "காய்ச்சிக் குடிங்க மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார். அன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு கொதி. அந்த விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

நாலு மாதம் முன்பு அவள் கணவன் வெங்கட் போய்ச் சேர்ந்தான். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். பீர் பாட்டிலைக் கையால் தொடாத மனுஷன். ஈரல் என்றதும் சொந்தபந்தமெல்லாம் ஒரு மாதிரி பார்த்தது. அவர்கள் பார்த்ததுகூடப் பரவாயில்லை, அவளும் பார்த்தாள். தூங்குகிறவன் வாயைக் குனிந்து முகர்ந்தாள். பையைத் துழாவினாள். அவன் விழித்துக்கொண்டு அவளையே பார்த்தான். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மிச்சம் இருப்பது ஏழு வயது அகல்யா. ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, மத்தியானத்திலேயே சுருண்டுகொள்கிறாள். அந்தப் பயத்தில்தான் பூந்தமல்லியில் தண்ணீர் சோதிக்கிற லேபில் இருக்கும் யூசுபிடம் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை மூன்று மணி. குழந்தை உள்ளே தூங்க, ஹாலில் பாதிவரை வெயில் வந்திருந்தபோது அவன் ஃபோன் செய்தான்.

"அக்கா, பாசி வெசம் கீதுக்கா. ரொம்ப நாள் குடிச்சா ஈரலத்தான் அடிக்கும்."

"நான் காய்ச்சித்தான் தரேன் யூசுப். ரெண்டு கொதி."



"காய்ச்சினா பாசிதான்க்கா சாவும். உள்ள கீற வெசம் மொத்தமும் தண்ணில எறங்கிடும். கொதிச்சாலும் அது போவாது. நீங்களும் அதான் குடிக்கிறீங்களா?"

அவள் குடித்தது ஒரு வாய், இரண்டு வாய். காலை எட்டுக்கெல்லாம் அம்பத்தூர் ஆபீஸ், அங்கே கேன் தண்ணீர். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன் வெங்கட். கிளம்பும்போது அவன் மேஜைமேல் செம்பு நிறைய வைத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

சமையலறையில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்க் குடத்தின் மூடி நகர்ந்தது.

"மெதுவா குடி," என்றது அகல்யாவின் குரல்.

மண்வாசனை ஹாலுக்கே வந்துவிட்டது. ஈரமாக. கனமாக. ஷோபனா ஃபோனைக் கீழே வைத்தாள். மடக். யாரோ விழுங்கினார்கள். மடக்.

போனாள்.

அகல்யா முக்காலிமேல் நின்றிருந்தாள். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிச் சாய்த்திருந்தாள், ஓர் ஆள் உயரத்துக்கு. எதிரில் யாருமில்லை. கீழே ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

பாதியில் நின்றது. குழந்தை திரும்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்ணின் வெள்ளை, புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சளாக இருந்தது.

"அப்பா போதும்னுட்டாரும்மா. மீதி உனக்காம்."

நீட்டிய தம்ளரின் விளிம்பில் பெரிய ஆளின் உதடு பதிந்த ஈரம் இன்னும் காயவில்லை.