ஏழாவது காயில்

கிளிஃபர்ட் ஹாவொர்த் தன் பழைய புகையிலை டப்பாவைத் திறந்து மேஜையின்மேல் கவிழ்த்தபோது, அதிலிருந்து ஆறு சின்ன உலோகக் குழல்கள் உருண்டன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கருகிய பஞ்சு. மோர்கம் கடற்கரைச் சாலையின் அந்தத் தேநீர்க்கடையில், அடுத்த மேஜைக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். எனிட் ஆர்மராட் மட்டும் நகரவில்லை. இருபத்தொன்பது வருஷம் எடையளவு ஆய்வாளராக ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் தூக்கிப் பார்த்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும், கடைக்காரன்மேல் குறை இருந்தால் ஜனங்கள் அவளிடம்தான் வந்து நின்றார்கள்.

பக்கத்தில் லயனல் கெர்ஷா நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். தபால்காரராக இருந்தவர். ஊரில் யார் வீட்டுக்கு யாருடைய கடிதம் வந்தது என்று தெரிந்து வைத்திருந்தும், அதைக் கொண்டு ஒரு துப்பும் துலக்கியதில்லை. இருந்தாலும் ஆர்வத்துக்குக் குறைச்சலில்லை.

"ரெண்டு வாரத்துல ஆறு காயில், மேடம்," என்றார் கிளிஃபர்ட். "எல்லாம் போண்டி. அந்தக் கடைக்காரப் பொண்ணு எனக்கு மட்டும் மட்டமான சரக்கைத் தள்ளுறாளா, இல்ல வேற யாராச்சும் விளையாடுறாங்களா? எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

இன்றைக்கே தெரிய வேண்டியதற்குக் காரணம் அவருடைய இடது கால். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியபடியே புகைத்த புகையில் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை, நடுவில் இருப்பது பத்தே நாள். அன்று ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், ஒரு சிகரெட் பிடித்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி தொடாவிட்டால் கால் போய்விடும். அதற்காகத்தான் மனிதர் நவம்பர் முதல் தேதி ஈ-சிகரெட்டுக்கு மாறினார். மூன்று வாரம் ஒரே காயிலில், அதாவது திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் அந்தக் குழலில், ஓடிற்று. பிறகுதான் இந்தக் கூத்து.

சொல்லி முடித்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துக் கருகிய குழல்களின் பக்கத்தில் வைத்தார். நேற்று வாங்கியதாம். எனிட் அதைத் திருப்பிப் பார்த்தாள். மேலே சுற்றிய கண்ணாடித்தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"நாளைக்கு இது இப்படியே இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் கிளிஃபர்ட்.

எனிட் முதலிலிருந்து கேட்டாள். அந்தச் சாதனத்தை வாங்கிய நாளில் கடைக்கு மூன்று பேர் போயிருந்தார்கள்: கிளிஃபர்ட், அவருடைய மனைவி நோரீன், பஸ் டிப்போ காலத்திலிருந்து அவரோடு ஒரே மழைக்கூரையின் கீழ் நின்று புகைத்த வில்ஃப். இரண்டு ஆண்களும் ஒரே நாளில் விடுவதாகப் பேச்சு. கடைக்காரி ரொவீனா, திரவம் ஊற்றிக் காயிலைப் பொருத்துகிற டேங்குகள் இரண்டை எடுத்து வைத்தாளாம். ஒன்று மெலிந்தது, அதன் காயிலில் பஞ்சுக்குத் திரவம் போகும் துளைகள் ஊசி முனை போல இருக்கும், இழுத்தால் சிகரெட் இழுத்த மாதிரியே தொண்டையைப் பிடிக்கும். இன்னொன்று குண்டு, பெரிய துளை, ஊதினால் ரயில் எஞ்சின் மாதிரி புகை வரும். புதிதாக வருகிறவர்களுக்கு மெலிந்ததுதான் லாயக்கு என்றும், ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது என்றும் ரொவீனா சொல்லியிருக்கிறாள்: மெலிந்ததில் தண்ணீர் போல நீர்த்த திரவம்தான் ஊற்ற வேண்டும்; கெட்டியானதை ஊற்றினால் அது பஞ்சுக்குள் இறங்காது; காய்ந்த பஞ்சு கருகிவிடும்.

கிளிஃபர்ட் மெலிந்ததை எடுத்தார். வில்ஃப் ஆடம்பரப் பேர்வழி, குண்டனை எடுத்தார். அதில் ஊற்ற ப்ளூபெர்ரி என்கிற நீலநெல்லிப் பழ வாசனையில் பாகு மாதிரி ஒரு திரவம். ஊருக்கே புகை போட்டார், ஐந்தாம் நாள் இருமல் தாங்காமல் சிகரெட்டுக்கே திரும்பிவிட்டார். இப்போது மழைக்கூரையின் கீழ் அவர் தனியாக நிற்கிறார். வியாழக்கிழமைதோறும் கிளிஃபர்ட் வீட்டுக்குத் தேநீருக்கு வந்து, "என்னடா, இன்னும் புல்லாங்குழல்தானா?" என்று குத்திக்காட்டுகிறாராம்.

லயனல் பென்சிலை நோட்டில் குத்தினார். "வில்ஃப்தான். தனக்கு முடியாதது இவருக்கு முடியுதேன்னு வயித்தெரிச்சல். அவர்கிட்ட கெட்டி லிக்விட் மிச்சம் கிடக்கு. வியாழக்கிழமை வீட்டுக்கும் வர்றார். இதுக்கு மேல என்ன வேணும்?"

எனிட் கிளிஃபர்டிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டாள். காயிலைக் கடையில் மாற்றும்போது எப்படி இருக்கும்? அற்புதமாக இருக்கும், ரொவீனா தன் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வாள், வீட்டுக்கு வந்து நிரப்பினால்தான் இரண்டே நாளில் கருகும் என்றார். சரி, வீட்டிலுள்ள திரவம் எப்படி?

"முன்னெல்லாம் தொண்டையில ஒரு பிடி இருக்கும், மேடம். இப்ப வழவழன்னு, இனிப்பா இருக்கு. இழுத்த மாதிரியே இல்ல. ஆனா ஒண்ணு, பாட்டில் நல்லா வருது. மூணு வாரத்துல தீரணும், அஞ்சு வாரமாகியும் பாதிக்கு மேல இருக்கு. நல்ல காலம்தான்."

"ஆமா, ரொம்ப நல்ல காலம்," என்றாள் எனிட். எல்லாரையும் அவர் வீட்டிலேயே பார்ப்போம் என்று எழுந்தாள். ரொவீனாவை அதே திரவத்தில் உடைக்காத ஒரு புதுப் பாட்டிலோடும் ஒரு புதுக் காயிலோடும் வரச் சொல்லி லயனலை அனுப்பினாள்.

மூன்று மணிக்கெல்லாம் ஹாவொர்த் வீட்டு முன்னறையில் ஆள் நிறைந்துவிட்டது. வில்ஃப் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில், என்னைத்தான் மாட்டிவிடப் போகிறார்கள் என்ற மூஞ்சியோடு. ரொவீனா கதவோரம், கையில் பையோடு. நாற்பது வயது, விதவை, சிரித்த முகம். அவள் கோட்டைக் கழற்றியதும் கிளிஃபர்ட் எழுந்துபோய் வாங்கி மாட்டினார். போகிற போக்கில் தலையை ஒரு தரம் கோதிக்கொண்டார். இந்த ஊரில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறவர்கள் ஏமாளிகள். எனிட் கவனித்தாள். தட்டு ஏந்தி வந்த நோரீனும் கவனித்தாள்.

நோரீன் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். தேவாலய விற்பனைக்காகப் போன வாரம் செய்த சின்னக் கிறிஸ்துமஸ் கேக்குகளில் ஒன்றை, மேலே வெள்ளை ஐசிங்கும் பக்கத்தில் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியுமாக வைத்தாள். லயனல் ஆவலாகக் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு பல்செட்டைச் சரிசெய்தார்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் நோரீன், முகம் சிவந்து. "இந்தத் தடவை ஐசிங் கொஞ்சம் இறுகிப்போச்சு."

கொஞ்சமா என்று வில்ஃப் முணுமுணுத்தார். அவள் பதினோரு வருஷமாக ஐசிங்குக்குப் பரிசு வாங்குகிறவள், கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், இந்த வருஷம் பாதிரியாரே சுத்தியல் கேட்டார் என்று அவர் சொன்னபோது நோரீன் சிரிக்கவில்லை.

எனிட் கேக்கைத் தொடாமல் வேலையைத் தொடங்கினாள். கிளிஃபர்டின் பாட்டிலையும் ரொவீனாவின் புதுப் பாட்டிலையும் இரண்டு கையிலும் பிடித்து ஒரே சமயத்தில் கவிழ்த்தாள். புதியதில் காற்றுக் குமிழி விர்ரென்று மேலே போயிற்று. பழையதில் அது சோம்பேறி மாதிரி ஊர்ந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காயில்ல குத்தமில்ல, ரொவீனாமேலயும் குத்தமில்ல," என்றாள் எனிட். "கடையில நல்லா எரியுது, வீட்ல கருகுது. இந்தப் பாட்டில்ல யாரோ கெட்டியா எதையோ ஊத்தி வந்திருக்காங்க. அதனாலதான் அது தீரவே இல்ல. அதனாலதான் தொண்டையில பிடி போச்சு, இனிப்பு வந்துச்சு. நிக்கோடின் நீர்த்துப்போனதால இவருக்குத் தவிப்பும் ஏறிப்போச்சு."

லயனல் வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். "எனக்குப் பொறாமை இல்லேன்னு சொல்லல," என்றார் மெதுவாக. "அந்தக் கூரைக்குக் கீழ தனியா நிக்கிறது எனக்குத்தான் தெரியும். ஆனா இவன் கால் போறதைப் பாக்க எனக்கு மனசு வருமா?"

"உங்க லிக்விட் இந்த அறைக்குள்ள வந்தாலே நீலநெல்லி நாத்தம் அடிக்கும்," என்றாள் எனிட். "இதை மோந்து பாருங்க, லயனல். புதினாவும் புகையிலையும்தான், அதுவும் லேசா. ஊத்தினது கெட்டியானது, இனிப்பானது, வாசனையே இல்லாதது. கெட்டியானது ஆகாதுன்னு ரொவீனா சொன்னதைக் கேட்டவங்க மூணு பேர். கிளிஃபர்ட், வில்ஃப்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐசிங் கல்லாகாம இருக்க என்ன ஊத்துவீங்க, நோரீன்?"

நோரீன் தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"கிளிசரின்."

"இந்த வருஷம் ஏன் ஊத்தல?"

"தீர்ந்துபோச்சு. ரெண்டாவது பாட்டில் வாங்கக் கை கூசிச்சு." தட்டு மேஜையில் இறங்கியது. பிறகு அவள் எனிட்டைப் பார்த்துப் பேசவில்லை, புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். "முப்பத்தி நாலு வருஷம், கிளிஃபர்ட். என்கிட்ட நீ பேசறது மூணே வார்த்தை. டீ. மழை. பஸ் லேட்டு. அவகிட்டப் போனா ஒரு மணி நேரம். போறதுக்கு முன்னாடி தலை வாருற, சென்ட் போடுற. என் வயிறு எரிஞ்சுது. அந்தச் சனியன் கசந்துபோனா மருந்துக்கடையில விக்கிற நிக்கோடின் பட்டையைத் தோள்ல ஒட்டிக்கிட்டு வீட்ல கிடப்பேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா, கருகினதைக் காட்டறேன்னு ரெண்டு நாளைக்கு ஒரு தரம் அங்கயே ஓடுற. நீ ஓட ஓட நான் இன்னும் ஊத்தினேன்."

அவள் செய்த கணக்கே அவளுக்கு எதிராக வேலை செய்திருந்தது. இது ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு அவமானம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது.

எனிட் தேநீர்க்கடையிலிருந்து கொண்டுவந்த சிகரெட் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "இது உங்களுக்குத் தெரியாது. நேத்து இவர் வாங்கினது."

நோரீன் அதைக் கையில் எடுத்தாள். கண்ணாடித்தாளை முழுக்கத் தடவி, கிழியாமல் இருப்பதைத் தடவியே தெரிந்துகொண்ட பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள். "உன் காலை நானே வெட்டியிருப்பேனே," என்றாள்.

கிளிஃபர்ட் மூன்று வார்த்தைக்காரர்தானே. ரொவீனாதான் பேசினாள்.

"அக்கா, அந்த ஒரு மணி நேரம் என்ன நடக்குதுன்னு கேளுங்க. இவருக்குக் காயில் மாத்தவே வராது. விரல் தடி. மரையை ஏறுமாறா திருகுவாரு, நான் கழட்டுவேன், மறுபடியும் திருகுவாரு. உங்ககிட்ட கேக்க வெட்கம். தலை வாரினது எதுக்குன்னு எனக்குத் தெரியாது, அதை நீங்க அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

கிளிஃபர்டின் காது மடல் சிவந்தது. வில்ஃப் முதல் தடவையாகச் சிரித்தார்.

நோரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தப் புதுக் காயிலை இங்க குடு," என்றாள். ரொவீனா சொல்லச் சொல்ல, ஏழாவது காயிலின் ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஐசிங் குழல் பிடித்துப் பழகிய கை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. திருகி, நிரப்பி, பஞ்சு ஊறட்டும் என்று பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார வைத்தாள். கிளிஃபர்ட் நடுவில் கை நீட்டியதற்கு ஒரு அடி விழுந்தது. பழைய பாட்டில் சாக்கடைக்கும் சிகரெட் பெட்டி கணப்பு நெருப்புக்கும் போயின. இனிமேல் காயில் மாற்றுவதும் கடைக்குப் போவதும் தன் வேலை என்று அவள் அறிவித்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

பத்தொன்பதாம் தேதி கிளிஃபர்ட் குழாயில் ஊதினார். கருவி சுத்தம் என்றது. கால் தப்பியது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை, அதே தேநீர்க்கடைக்குள் கிளிஃபர்ட் கைத்தடியில்லாமல் நடந்து வந்தார். நடை நன்றாயிருந்தது, முகம்தான் சரியில்லை. லயனல் நோட்டைத் திறந்தார்.

"நோரீன் கடைக்குப் போனா திரும்பவே மாட்டேங்கறா, மேடம்," என்றார் கிளிஃபர்ட். "ஒரு காயில் வாங்க ரெண்டு மணி நேரம். அவளும் ரொவீனாவும் அப்படி ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்தா என்கிட்ட டீங்கறா, மழைங்கறா. நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் பிறந்தநாளாம், மூணு அடுக்குக் கேக் செய்யறா. எனக்கு ஒரு அடுக்குகூட செஞ்சதில்ல."

அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். கிளிசரின். முழுப் பாட்டில், மூடி திறக்காதது. சமையலறை அலமாரியிலிருந்து காலையில் எடுத்ததாம். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

லயனல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எழுத என்ன இருக்கிறது.

எனிட் பாட்டிலை எடுத்து, பழக்கதோஷத்தில் ஒரு தரம் கவிழ்த்துப் பார்த்தாள். குமிழி நிதானமாக ஊர்ந்தது. அதை அவர் பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"ஐசிங் எப்ப போடுறா?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

"அதுக்குள்ள எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க," என்றாள். "இல்லேன்னா நோரீன் நாளைக்கு என்கிட்ட வருவா. நான் கண்டுபிடிச்சிடுவேன்."