வார்டுச் சுவரில் ஒரு கால்வாய்

பூவரசு மரத்தின் நிழல் நேற்று பெஞ்சுக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. இன்று வலப்பக்கம் கிடந்தது. வார்டு வாசலில் நின்று அதைப் பார்த்த சுபாஷிணி, கண் அசந்துபோனால் இப்படித்தான் தோன்றும் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சுவரில் தீட்டிய மரம் அது. தீட்டிய நிழல் எப்படி இடம் மாறும்?

மலையாளக் கரையோர மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கைத் தடுத்துக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்து வார்டுக்கு ஜன்னலே கிடையாது. மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள் வெறும் சுவரைப் பார்த்தே கிடக்கிறார்கள், மனசுக்கு ஆறுதலாக ஏதாவது வரையச் சொல்லுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். யாரும் எடுத்துச் செய்யாத வேலையெல்லாம் போலவே அதுவும் ஆபீஸ் பொறுப்பிலிருந்த சுபாஷிணியின் தலையில் விழுந்தது. அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்த தென்காசிக்காரன் செல்லதுரையைத் தேடிப் பிடித்தாள். ஆட்கள் வேண்டாம், சிவப்பு வேண்டாம், கறுப்பு வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் சுவர் முழுக்க ஒரு கால்வாய்க்கரையைத் தீட்டினான். பச்சைத் தண்ணீர், மண்பாதை, வரிசையாகப் பூவரசுகள், ஒரு காலி பெஞ்சு.

அந்த வார்டில்தான் அவளுடைய அப்பா தங்கையாவும் இருந்தார். கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வாரியே கூன் விழுந்து தேய்ந்த உடம்பு. இப்போது முதுகெலும்பில் புற்று. அவர் முனகுவது மாடியில் அவள் ஆபீஸ்வரை கேட்கும். அவள் வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

படம் வந்த பிறகு முனகல் நின்றுவிட்டது.

"சேச்சி, இப்ப ஆரும் பெல் அடிக்கிறதில்ல," என்றாள் நர்ஸ் ஸ்நேஹா. "வேதனைக்குப் போடுற ஊசிகூட வேண்டாங்கிறாங்க. எனக்கு உள்ள போகவே ஒரு மாதிரி இருக்கு."

"நல்லதுதானே," என்றாள் சுபாஷிணி. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பல மாதங்களுக்குப் பிறகு இரவில் தூங்கினாள், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த நிழல் உறுத்தியது. செல்லதுரைக்குப் போன் செய்தாள்.

"எந்த நிழல், அக்கா?" என்றான் அவன். "நான் நிழலே போடலியே. கறுப்பு வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க. வெயிலும் கிடையாது. மழை வரப்போற மாதிரி மங்கலாத்தான் விட்டிருக்கேன்."

அன்று மதியம் மழை பிடித்தது. தகரக் கூரைகளில் இரைந்து, சந்துகளில் பழைய மிளகு வாடையையும் சாக்கடை வாடையையும் கிளப்பிவிட்டு, வானத்தை அடுப்புக்கரி நிறத்துக்கு இறக்கிக்கொண்டு வந்த மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. சுபாஷிணி சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கினாள். கீழ்த்தளத்து நடைவழி இருட்டாக இருந்தது. வார்டுக் கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சம்.

டார்ச் வெளிச்சம் இல்லை. இளவெயில்.

கதவைத் தள்ளினாள். சுவரிலிருந்து வெயில் வந்துகொண்டிருந்தது. சேறும் பச்சிலையும் கலந்த வாசனை. கரையில் தண்ணீர் மெதுவாக மோதி மோதி விலகும் சத்தம். கட்டில்களில் எல்லோரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணைத் திறந்தபடி கிடந்தார்கள். தூங்கும் குழந்தைகளின் உதட்டில் வரும் சிரிப்பு எல்லோர் உதட்டிலும் இருந்தது.

கட்டில்களின் நிழல்கள் தரையில் நீண்டு அவள் காலடிவரை வந்திருந்தன. கம்பிகள். கால்கள். தொங்கும் குளுக்கோஸ் பாட்டில். எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன.

நிழல் கட்டில்களில் யாரும் படுத்திருக்கவில்லை.

அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள். அவர் மேலே கிடந்தார். கீழே அவர் கட்டிலின் நிழல் காலியாக இருந்தது.

"அப்பா, வாங்க. வெளிய போயிரலாம்."

"வேண்டாம் மோளே. இங்க சுகமா இருக்கு."

சக்கரத்தின் பூட்டைக் காலால் விடுவித்து, கட்டிலை வாசலுக்குத் தள்ளினாள். சக்கரம் நிலைப்படியைத் தாண்டி இருட்டுக்குள் இறங்கிய அந்தக் கணம், தங்கையா அலறினார். அத்தனை நாளும் வராமலிருந்த வலி மொத்தமும் ஒரே மூச்சில் வந்ததுபோல ஓர் அலறல். உடம்பு வில்லாக வளைந்தது. அவள் மணிக்கட்டில் நகம் பதிந்தது.

"திருப்பு... மோளே, திருப்பு..."

ஸ்நேஹாவைக் கூப்பிடலாம். ஊசி போடச் சொல்லலாம். டாக்டருக்குப் போன் செய்யலாம். அதற்கெல்லாம் இந்தச் சத்தத்துக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அவளால் முடியவில்லை. கட்டிலைத் திருப்பினாள்.

உள்ளே வந்ததும், குழாயை மூடியதுபோல அலறல் நின்றது. அப்பா அவளைப் பார்க்கவில்லை. முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. உதட்டில் பழையபடி அந்தச் சிரிப்பு.

சுபாஷிணி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். கரண்ட் வரட்டும். முகத்தில் வெயில் இதமாகப் பட்டது. இடுப்பில் வருஷக்கணக்காக இருந்த குடைச்சல் இல்லை. குதிகால் எரிச்சல் இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்ற நினைப்பும் இல்லை.

அது எப்படி இல்லாமல் போகும்?

எழ நினைத்தாள். கால் எழவில்லை.

குனிந்து தரையைப் பார்த்தாள். ஸ்டூலின் நிழல். நான்கு கால்கள். வட்டமான பலகை.

அதன்மேல் யாருமில்லை.

மெல்லத் தலை தூக்கினாள். சுவரில், வெயில் விழுந்த மண்பாதையில், ஆளில்லாத நிழல்கள் வரிசையாக அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் கூன் விழுந்த ஒன்று. அதன் கையைப் பிடித்தபடி, முந்தானை காற்றில் அசைய, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது இன்னொன்று.