நிரம்பாத மூன்றடி

கீழே நான்கு கடைகள், மேலே மூன்று மாடி, மாடிக்கு ஆறு குடித்தனம். தெருப் பக்கம் வளைவுகளும் இரும்புக் கைப்பிடிகளுமாகக் கட்டடம் என்னவோ ஜம்பமாகத்தான் நின்றது. மாடிப்படியில் கால் வைத்ததும் குடலைப் பிடுங்கும் நாற்றம். பொறியாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள்.

இரண்டாம் மாடியில் அவள் தம்பியின் குடும்பம். தம்பி மகளுக்கு எட்டு மாதம். ஆறு மாதமாக இருமல்.

"ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்குது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "உங்க தம்பியக் கேட்டா, பழைய கட்டடம்னா வாடை இருக்கத்தான் செய்யும்ங்கறார். நீங்களாவது என்னன்னு பாருங்க."

பகல் பதினொரு மணிக்கு அளவுநாடாவை விரித்தாள். வெளிப்புறம் நாற்பதடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் முப்பத்தேழுதான் வந்தது. மறுபடி அளந்தாள். கணக்கு உதைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இந்தப் புண்ணியவான்கள் மூன்றடியைச் சுவருக்குள் மறைத்திருந்தார்கள்.

குழந்தை படுக்கும் அறையில் அலமாரியை நகர்த்தினாள். பின்னால் பலகை அடித்த ஜன்னல். இடுக்கு வழியாக டார்ச் அடித்தாள். கட்டிய காலத்தில் காற்றுக்காக அடியிலிருந்து உச்சி வரை விட்ட இடைவெளி அது. பின்னால் வந்தவர்கள் உச்சியையும் ஜன்னல்களையும் அடைத்துவிட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பிசுக்கு. விரலை விட்டுத் தொட்டாள். கறுப்பும் நரையும் செம்பட்டையும் கலந்த ஈர முடி, கற்றையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

கையை உதறிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அதற்கு நேர் கீழே முடிதிருத்தும் கடை. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சுவரிலிருந்த ஓட்டையைப் பெருமையாகவே காட்டினார்.

"எங்க கொள்ளுத்தாத்தா வெச்சதும்மா. வெட்டின முடிய அன்னன்னிக்கே உள்ள தள்ளிடுவோம். ஒருநாளும் தவறினதில்ல."

"நாலு தலைமுறை முடியா? இந்நேரம் ரொம்பி வழியணுமே!"

"ரொம்பாதும்மா. இன்னிக்குத் தள்ளினது நாளைக்கு இருக்காது."

"எலி இழுத்துட்டுப் போகுது. சீ, மனுஷன் செய்யற வேலையா இது? இன்னிக்கே மூடறேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. பழகிடுச்சு."

"யாருக்கு?"

அவர் ஓட்டையைப் பார்த்தார்.

இரண்டு மணிக்குள் கொத்தனார் வந்து செங்கல் வைத்துப் பூசிவிட்டார். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அசிங்கம் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தது. கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினாள்.

நாலு மணிக்கு அவளும் தம்பி மனைவியும் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் குழந்தை தூங்கியது.

சுவருக்குள் ஏதோ ஏறியது.

ஈரச் சாக்கை இழுப்பது போன்ற சத்தம். கீழே தொடங்கியது, முதல் மாடியில் நின்றது, பிறகு மெதுவாக மேலே வந்தது.

"எலியா அண்ணி?"

பலகை முறிந்தது.

இருவரும் ஓடினார்கள். குழந்தை விழித்துக்கொண்டு படுத்திருந்தது. அழவில்லை. அதன் சுருட்டை முடியில் ஒன்றுகூட இல்லை. புருவமும் இல்லை. வழுவழுவென்றிருந்த மண்டை மேல், நக்கி எடுத்ததுபோல் பிசுபிசுப்பான எச்சில்.

தாய் அலறிக்கொண்டு தூக்கினாள். பொறியாளர் ஜன்னலுக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே ஒரு இழை முடி இல்லை. பிசுக்கு இல்லை. சுவர்கள் கட்டிய அன்று இருந்ததுபோல் காய்ந்து கிடந்தன. நாற்றமும் இல்லை.

"போயிடுச்சு," என்றாள். தன் குரலையே அவளால் நம்ப முடியவில்லை.

"இருமலும் இல்ல அண்ணி," என்று தாய் விம்மினாள். "பாருங்க, மூச்சு நல்லா விடுது."

குழந்தை அத்தையைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

குடலைப் பிடுங்கும் அதே நாற்றம்.

சின்ன நாக்கின் மேல் நரைத்த முடி ஒன்று ஈரமாகக் கிடந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

உள்ளிருந்து ஏதோ அதைத் திருப்பி இழுத்தது.